ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ

மார்பில் வேல் தைத்த வடுவோடு வீடு திரும்பும் வீரனை ஊரார் போற்றுவர். அவ்வடுவை விழுப்புண் என்று கொண்டாடுவது நம் மரபு. ஆயின், முகம் முழுதும் தீயில் வெந்து, இமையும் மூக்கும் உதடும் உருத் தெரியாமற் போய், விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்ட நிலையில் ஒருவன் திரும்பினால் ஊரார் என் செய்வர்? அவனும் நாட்டைக் காக்கச் சென்றவனே. எனினும் கண்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். குழந்தைகள் அஞ்சி ஓடும். அவன் உடற்புண் ஆறிய பின்னரும் உள்ளம் ஆறாது. இத்தகையோர் பல நூற்றுவருக்கு முகமும் கையும் மட்டுமன்றி வாழ்வையும் மீட்டுத் தந்தவர் சர் ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ என்னும் அறுவை மருத்துவர்.

மெக்கிண்டோ 1900ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் நியூசிலாந்து நாட்டில் டுனெடின் என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் அச்சகம் நடத்தியவர். தாயார் ஓவியம் தீட்டுவதில் வல்லவர். தாயாரின் கைந்நுட்பமே மகனிடம் அறுவைக் கத்தியாக மாறிற்று என்று எண்ணத் தோன்றுகிறது. ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவர், 1924ஆம் ஆண்டில் உதவித்தொகை பெற்று அமெரிக்காவிலுள்ள புகழ்மிக்க மேயோ மருத்துவ நிலையத்திற்குச் சென்றார். அங்கே ஆறாண்டுகள் வயிற்று அறுவையிலும் ஈரல் பற்றிய ஆராய்ச்சியிலும் நற்பெயர் ஈட்டினார். ஆங்கில நாட்டின் பெரிய மருத்துவர் ஒருவர் அவர்தம் திறமையைக் கண்டு இலண்டனுக்கு வருமாறு தூண்டினார். அதனை நம்பி 1930ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் குடும்பத்துடன் இலண்டன் வந்து சேர்ந்தபோது, அவருக்கென அங்கு எப்பதவியும் இருக்கவில்லை. கையிலிருந்த பொருள் கரைந்துகொண்டிருந்தது.

அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் உறவினராகிய சர் ஹெரால்டு கில்லீஸ் ஆவார். முதல் உலகப் போரில் குண்டுபட்டுச் சிதைந்த முகங்களைச் சீரமைத்துப் பெரும்புகழ் கொண்டவர் அவர். மெக்கிண்டோவைத் தம்முடன் சேர்த்துக்கொண்டு உறுப்புச் சீரமைப்புக் கலையை அவர் கற்பித்தார். இக்கலையின் வேர் ஒன்று நம் நாட்டில் உள்ளது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். நெற்றித் தோலைக் கீழே மடித்து மூக்கு அமைக்கும் முறை இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கிவந்தது. புனே நகரின் அருகே நடந்த அத்தகைய சிகிச்சை ஒன்றைப் பற்றி இலண்டன் இதழ் ஒன்று 1794ஆம் ஆண்டில் படத்துடன் எழுதிய பின்னரே, மேனாட்டு மருத்துவர் பலர் அம்முறையில் ஊக்கம் கொண்டனர்.

1938ஆம் ஆண்டில் மெக்கிண்டோ ஆங்கில விமானப்படைக்கு ஆலோசனை மருத்துவராக அமர்த்தப்பெற்றார். மறு ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டது. இலண்டனுக்குத் தெற்கே ஏறத்தாழ முப்பது மைல் தொலைவிலுள்ள ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூரின் விக்டோரியா அரசி மருத்துவமனையே அவர் பணிக்களமாயிற்று. அவ்வளாகத்தில் மரப்பலகைகளால் எழுப்பிய நீண்ட கொட்டகை ஒன்று இருந்தது. அதற்கு மூன்றாம் வார்டு என்று பெயர். பிற்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்ட அவ்விடம் பார்ப்பதற்கு எவ்வகைச் சிறப்பும் அற்றதாகவே இருந்தது.

1940ஆம் ஆண்டின் கோடையில் ஆங்கில நாட்டு வானத்திலே கடும் போர் நிகழ்ந்தது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்னும் போர் விமானங்களில் விமானியின் இருக்கைக்கு முன்னாலேயே பெட்ரோல் தொட்டி அமைந்திருந்தது. பகைவரின் குண்டு அதனைத் துளைத்தால் தீப்பிழம்பு நேரே விமானியின் முகத்தில் பாயும். கையுறையும் கண்ணாடியும் அணியாதவன் சில நொடிகளில் முகத்தையும் கைகளையும் இழப்பான். பாரசூட்டின் உதவியால் உயிர்மட்டும் தப்பும். இவ்வாறு வெந்த இளைஞர்கள், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள், ஒருவர் பின் ஒருவராக மூன்றாம் வார்டுக்கு வந்து சேர்ந்தனர்.

அக்காலத்தில் தீப்புண்ணுக்குத் தானிக் அமிலம் பூசுவது வழக்கம். நம் நாட்டில் தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையின் துவர்ச்சத்தைப் பயன்படுத்துவதை மாணவர்கள் அறிவர்; தானிக் அமிலமும் அவ்வகைத் துவர்ப்பொருளே. பதனிட்ட தோலைப்போலப் புண்ணின்மேல் அது கடினமான ஓடு ஒன்றை உண்டாக்கும். நீர் கசிவது நிற்கும், நோயாளி பிழைப்பான். ஆனால் அவ்வோடு சுருங்கச் சுருங்க விரல்கள் வளைந்து இறுகும். இமைகள் இழுக்கப்பட்டுக் கண்கள் மூடாமற் போகும். ஓட்டின் அடியில் சீழ் பிடிக்கும். அதனைப் பெயர்த்தெடுக்கும் வேளையில் நோயாளி படும் வேதனை சொல்லுந் தரமன்று. உயிரைக் காத்த மருந்தே உறுப்பைக் கெடுத்தது.

மெக்கிண்டோ ஒன்றைக் கவனித்தார். எரியும் விமானத்திலிருந்து நிலத்தில் குதித்தவரைவிடக் கடலில் விழுந்தவர்களின் புண்கள் நன்றாக ஆறின. வடுவும் மென்மையாக இருந்தது. கடலின் உப்புநீரே காரணம் என்று உணர்ந்த அவர், தானிக் அமிலத்தை விலக்கி உப்புநீர்க் குளியலைப் புகுத்தினார். முகத்துக்கும் கைக்கும் அவ்வமிலம் ஆகாது என்று மருத்துவர் அவையிலும் அரசினரிடத்தும் விடாது வாதாடினார். வழக்கத்தில் ஊறிய முறையை மாற்றுவது எளிதன்று. எனினும், அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளின் முன் எதிர்வாதம் நிற்கவில்லை.

உப்புநீர்க் குளியல் என்று ஒரு சொல்லில் கூறிவிட்டோம். அதனை நாள்தோறும் நடத்தியவர்கள் தாதியரே. குருதியில் உள்ள அளவிற்கு உப்புக் கலந்து, உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் தொட்டியை நிரப்புவர். நோயாளியைப் புண்ணில் கை படாமல் தூக்கி மெல்ல நீருள் இறக்குவர். காய்ந்து ஒட்டிய கட்டுத்துணி இழுக்கப்படாமல், ஊறித் தானே மிதந்து வரும்வரை காத்திருப்பர். பொறுமையின்றி ஒரு நுனியை இழுத்தாலும் புதிதாக முளைத்த மெல்லிய தோல் உரிந்துவிடும். பல நாள் உழைப்பு ஒரு கணத்தில் பாழாகும். நீருள் இருக்கும்போதே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டச் செய்வர். வெளியில் அசைக்கவொண்ணாத விரல் நீரில் சிறிது அசையும். பின்னர் வாசலின் தோய்த்த வலைத்துணியால் புண்ணை மூடி, அதன்மேல் உப்புநீர் நனைத்த துணிகளை வைப்பர். அத்துணி உலருமுன் மீண்டும் நனைத்தல் வேண்டும். இரவென்றும் பகலென்றும் பாராமல் இது நடந்தது.

அறுவை முடிந்த பின்னும் தாதியின் கண்ணே காவல். மெக்கிண்டோ முதலிற் செய்வது பெரும்பாலும் இமை அமைத்தலேயாகும். இமையில்லாக் கண் மூட இயலாது வறண்டு பார்வை கெடும். கையின் உட்புறத்து மென்தோலை எடுத்து இமையாகத் தைப்பார். மூக்கு அமைக்கவோ வயிற்றுத் தோலையோ தோள் தோலையோ குழல்போற் சுருட்டி, இரத்த ஓட்டம் அறாதபடி ஒரு முனையை இணைத்து வைத்துக்கொண்டே, படிப்படியாக முகத்துக்குக் கொண்டு செல்வார். இதற்குப் பல வாரங்கள் ஆகும். சில வேளைகளில் நோயாளி தன் கையை முகத்தோடு கட்டியபடியே கிடப்பான். அவனால் தானே உண்ண முடியாது, புரள முடியாது. அவனுக்கு ஊட்டியவளும் தாதி. தோற்குழல் வெளிறுகிறதா, நீலம் பாய்கிறதா என்று மணிக்கு மணி நோக்கி, நிறம் மாறினால் உடனே மருத்துவரை அழைத்தவளும் தாதியே. இவ்வாறு இருபது, முப்பது அறுவைகளுக்கு உட்பட்டவரும் உண்டு. அறுவைக்கூடத்தில் மெக்கிண்டோவின் வலக்கை போல நின்றவர் ஜில் மல்லின்ஸ் என்னும் தாதியார். மயக்கமருந்து கொடுத்தவர் ஜான் ஹன்ட்டர் என்பார். இம்மூவரும் ஒருவர் குறிப்பை ஒருவர் சொல்லாமலே அறிந்து பணியாற்றினர்.

தோலைத் தைத்தால் மட்டும் போதாது என்பதை மெக்கிண்டோ தெளிவாக உணர்ந்திருந்தார். வெந்த முகத்தைக் காணும் தாதியின் முகத்திலே அருவருப்போ இரக்கமோ சிறிது தோன்றினும், நோயாளி அதனைக் கண்ணாடியில் தன்னைக் கண்டதுபோல் கண்டுகொள்வான். ஆதலின் அங்குப் பணிசெய்ய வந்தோர் முகம் சுளிக்காமல் இயல்பாகப் பேசிப் பழகக் கற்றல் வேண்டும் என்பது அவர் விதித்த கட்டளை. அவ்வார்டில் அதிகாரி என்றும் சிப்பாய் என்றும் வேறுபாடு இல்லை. அனைவருக்கும் அடுத்தடுத்த கட்டிலே. நோயாளிகள் அணியவேண்டிய நீலநிற மருத்துவமனை உடையை அவர் ஒழித்துத் தம் படையுடையையோ சொந்த உடையையோ அணியச் செய்தார். வார்டில் பாட்டும் சிரிப்பும் கேட்டன. பீர்ப் பீப்பாய்கூட இருந்தது. இத்துணை விடுதலையும் நோயாளிகளுக்கு நலம் செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆரவாரத்தின் நடுவே புண்ணில் நச்சுக்கிருமி புகாமல் காத்து, முரண்டு பிடித்தவரை வழிக்குக் கொணர்ந்து, இரவில் வலியால் அலறியவர் அருகே அமர்ந்த தாதியரின் சுமை எத்துணைப் பெரிது என்பதை அக்காலத்தில் எழுதினோர் மிகுதியாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மெக்கிண்டோ எளிதிற் சினங்கொள்பவர். பிறர் கருத்தை எளிதில் ஏற்பவரல்லர். படைப்பதவியை ஏற்றால் மேலதிகாரிக்கு அடங்க வேண்டிவரும் என்று கருதிக் கடைசிவரை பதவியற்ற குடிமகனாகவே பணிபுரிந்தார். 90 நாட்களுக்குள் பணிக்குத் திரும்ப இயலாத வீரனைப் படையினின்று நீக்கிவிடும் விதி அப்போது இருந்தது. முகம் அமைத்து முடிக்க ஆண்டுகள் பல ஆகுமெனில், அவ்வீரன் பாதியில் ஊதியமின்றித் தெருவில் நிற்பான். மெக்கிண்டோ அவ்விதியை எதிர்த்து அதிகாரிகளோடு போராடி வெற்றி கண்டார். அவருடைய முரட்டுத்தனம் இங்கே நோயாளிகளுக்குக் கேடயமாயிற்று.

அடுத்து அவர் ஊராரை நாடினார். வீடுதோறும் சென்றும் கூட்டங்களிற் பேசியும், இவ்விளைஞர்கள் தெருவில் நடந்தால் உற்றுப் பார்க்காதீர், உங்கள் இல்லங்களுக்கு அழையுங்கள் என்று வேண்டிக்கொண்டார். ஊரார் அதற்கிசைந்தனர். கடைகளிலும் உணவு விடுதிகளிலும் அவர்களை இயல்பாக வரவேற்றனர். பாதி அமைந்த மூக்கும், முகத்திலிருந்து தொங்கும் தோற்குழலுமாக அவர்கள் திரைப்படக் காட்சிக்குச் சென்றபோதும் எவரும் வியந்து நோக்கவில்லை. முறைத்துப் பாராத ஊர் என்றே ஈஸ்ட் கிரின்ஸ்டெட் பெயர்பெற்றது. அவ்வூரும் போரின் கொடுமைக்குத் தப்பவில்லை. 1943ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பகைவர் விமானம் வீசிய குண்டு திரைப்படக் கொட்டகை ஒன்றின்மேல் விழுந்து 108 பேர் மாண்டனர். அவருள் குழந்தைகள் பலர்.

1941ஆம் ஆண்டு ஜூலை மாதம் நோயாளிகள் தமக்குள் ஒரு கழகம் கூட்டினர். ஆய்வுக்கூடங்களில் புதுமுறைகளைச் சோதிக்கப் பயன்படும் சிறு விலங்கின் பெயரால் அதனைக் கினிப் பன்றிக் கழகம் என்றனர். தங்கள்மீது மருத்துவர் புதுமுறைகளைச் சோதிக்கிறார் என்ற உண்மையை நகைச்சுவையாக்கிக்கொண்ட பெயர் அது. கால் வெந்தவர் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடமாட்டார் என்று அவரைப் பொருளாளராக்கினர். விரல் வெந்தவர் நெடிய அறிக்கை எழுதமாட்டார் என்று அவரைச் செயலாளராக்கினர். போர் முடிந்தபோது அதன் உறுப்பினர் 649 பேர். ஆங்கிலேயருடன் கனடியர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்தினர், போலந்தினர், செக்கர் முதலியோரும் அவருள் இருந்தனர். ஆண்டுதோறும் அவ்வூரிலே கூடி மகிழ்ந்த அவர்கள், முதுமை காரணமாக 2007ஆம் ஆண்டோடு அவ்வழக்கத்தை நிறுத்தினர்.

1947ஆம் ஆண்டில் மெக்கிண்டோவுக்குச் சர் பட்டம் வழங்கப்பெற்றது. போருக்குப் பின் அவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் வாங்கினார். சாலையும் மருத்துவமனையும் இல்லா ஊர்களுக்கு விமானத்தில் மருத்துவரை அனுப்பும் பணியை 1957ஆம் ஆண்டில் மைக்கேல் உட், தாமஸ் ரீஸ் ஆகிய மருத்துவர்களோடு சேர்ந்து தொடங்கினார். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11ஆம் நாள், அறுபது வயது நிரம்புமுன்னரே, உறக்கத்தில் உயிர்நீத்தார். விமானப்படையினரின் திருக்கோயிலாகிய இலண்டன் செயின்ட் கிளமென்ட் டேன்ஸில் அவர்தம் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டது.

2014ஆம் ஆண்டில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரில் அவருக்கு வெண்கலச் சிலை நிறுவப்பெற்றது. அதனை வடித்த சிற்பி மார்ட்டின் ஜென்னிங்ஸ் என்பார். அவர்தம் தந்தையாரும் போரில் தீப்புண்பட்டு மெக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவரே. சிலையில் விமானப்படை வீரன் ஒருவன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். வெந்து மடங்கிய கைகளை ஒன்றுசேர்த்து, வடுப்பட்ட முகத்தை வானை நோக்கித் திருப்பியிருக்கிறான். பின்னால் நிற்கும் மெக்கிண்டோவின் இரு கைகளும் அவன் தோள்மேல் உள்ளன. தாதியின் உருவம் அதில் இல்லை. சிலையைச் சுற்றிக் கல்லாலான இருக்கை ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. வழிச்செல்வோர் அவ்வீரனின் அருகே அமர்ந்து இளைப்பாறுகின்றனர்.