அரண்மனை சிறுவயல்காரர்

காரைக்குடியிலிருந்து கல்லல் பக்கம் போனால் அரண்மனை சிறுவயல்னு ஒரு ஊர் வரும். மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிறாவயல் வேற, இது வேற. முதல் வருஷம் முழுக்க நான் ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் இருந்தேன். இந்த ஊர்ப் பேரில் இருக்கிற அரண்மனை 1801 ஜூலை கடைசியிலேயே எரிஞ்சுபோச்சு. 200 வருஷம் தாண்டியும் ஊர் அந்த வார்த்தையை விடலை. அங்கே வாழ்ந்தவர் சின்ன மருது.

உங்களுக்கு அவரைத் தெரியும். ஆனா பெரிய மருதுவோடு சேர்த்து, ஜோடியாத்தான் தெரிஞ்சிருக்கும். நான் ஸ்கூலில் ‘மருது பிரதர்ஸ்’னு அஞ்சு மார்க் கேள்வியாப் படிச்சதோட சரி. பக்கத்து ஊர் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் 1959இல் சிவகங்கைச் சீமைன்னு சொந்தமாப் படமே எடுத்தார். அதே வருஷம் கட்டபொம்மனும் வந்துட்டார். யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லணுமா?

சரி, கதைக்கு வருவோம். 1753இல் நரிக்குடி பக்கம் முக்குளத்தில் பிறந்தவர். அரச குடும்பம் கிடையாது. இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும். அண்ணனும் தம்பியும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். 1772இல் நவாப் படையும் கும்பினிப் படையும் சேர்ந்து காளையார்கோயிலில் மன்னரைக் கொன்றார்கள். ராணி வேலு நாச்சியார் மகளோடு விருப்பாட்சிக்குப் போய் எட்டு வருஷம் காத்திருந்தார். மருது சகோதரர்களும் கூடவே இருந்தார்கள். ஹைதர் அலியின் உதவியோட 1780இல் சீமையை மீட்டார்கள். அதுக்கப்புறம் சின்ன மருது பிரதானி, பெரிய மருது தளபதி. பட்டம் வேறொருவர் பேரில் இருந்தாலும் நிர்வாகம் நடந்தது சிறுவயலில்.

அவர் எப்படிப்பட்ட ஆள்? இதுக்கு நல்ல சாட்சி சொன்னது யார்னு நினைக்கிறீங்க? அவரை வேட்டையாடின படையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர்தான். பேர் ஜேம்ஸ் வெல்ஷ். 1795 வாக்கில் மதுரையில் இளம் அதிகாரியா இருந்தப்போ சிறுவயலுக்கு வந்து போனவர். 1830இல் லண்டனில் தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமாப் போட்டார். சின்ன மருது கறுத்த நிறம், வாட்டசாட்டமான உடம்பு, இனிமையாப் பழகுகிறவர்னு எழுதுகிறார். தலையசைத்தால் சீமையே கேட்கும், ஆனா வீட்டு வாசலில் ஒரு காவலாள் கிடையாது. யார் வேணும்னாலும் உள்ளே போகலாம், வரலாம். வெல்ஷ் மதுரையில் இருந்த வரைக்கும் அவருக்குப் பழமும் நல்ல அரிசியும் கொடுத்தனுப்புவாராம். வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது சின்ன மருதுதான். (வளரி திரும்பி வருமா வராதான்னு எங்க மெக்கானிக்கல் பசங்க ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டது தனிக்கதை.) அண்ணனுக்கு நிர்வாகத்தில் ஆர்வமில்லை. வேட்டைதான் உயிர். விரலாலேயே ரூபாய் நாணயத்தை வளைப்பார்னு வெல்ஷ் எழுதியிருக்கார்.

ஊர்க்கதைகள் வேற மாதிரி போகும். பெரிய மருது முதுகில் ராஜபிளவை வந்து எந்த வைத்தியமும் கேட்கலை, ஒரு செட்டியார் குன்றக்குடி முருகன் திருநீறைப் பூசியதும் ஆறிடுச்சு, அதனால்தான் அந்தக் கோயில் திருப்பணின்னு சொல்வாங்க. காளையார்கோயிலின் பெரிய ராஜகோபுரத்துக்கு மானாமதுரையிலிருந்து ஜனங்கள் வரிசையா நின்னு செங்கலைக் கைமாற்றியே கொண்டுவந்தாங்கன்னும் ஒரு கதை. இடையில் 30 கிலோமீட்டருக்கு மேல. ஆளுக்கு ரெண்டு மீட்டர்னு வச்சாலும் 15,000 பேர் வேணும். சிவில் படிக்கிறவன் புத்தி, கணக்குப் போடாம இருக்க முடியலை. நடந்திருக்குமான்னு தெரியாது. ஆனா அந்த ஆள் கூப்பிட்டால் அத்தனை பேர் வந்து நிற்பாங்கன்னு சீமை நம்பியிருக்கு, இல்லையா?

அந்த நம்பிக்கைக்குச் சோதனை 1801இல் வந்தது. கட்டபொம்மனை 1799இலேயே கயத்தாறில் தூக்கில் போட்டாச்சு. அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்பக் கட்டினார். மே 24இல் அது விழுந்ததும் நேரா சிறுவயலுக்கு வந்தார். சின்ன மருது அவரைப் பிடிச்சுக் கொடுத்திருந்தால் பழமும் அரிசியுமா உறவு அப்படியே ஓடியிருக்கும். அவர் கொடுக்கலை.

ஜூன் 16ஆம் தேதி திருச்சி கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ஜம்புத்தீவுப் பிரகடனம்னு சொல்றது அதைத்தான். சிவகங்கை மக்களுக்கு மட்டும் எழுதினது இல்லை. இந்த நாட்டில் இருக்கிற எல்லா சாதிக்காரர்களுக்கும் எழுதினது. நவாப் வெள்ளையரை நம்பி ஏமாந்தார், நம்மிடம் ஒற்றுமை இல்லை, அதனால்தான் நாடு போச்சு, எல்லாரும் சேர்ந்து அவர்களை விரட்டணும்னு சொன்னது. வேலூர்க் கலகத்துக்கு 5 வருஷம் முன்னாடி, 1857க்கு 56 வருஷம் முன்னாடி! கையெழுத்துப் போட்ட இடத்தில் அவர் தன்னை ராஜான்னு சொல்லிக்கலை. ராஜாக்களின் ஊழியன்னுதான் சொல்லிக்கிட்டார்.

கர்னல் அக்னியூ தலைமையில் படை சிறுவயலை நெருங்கினப்போ, எதிரி கையில் சிக்கக் கூடாதுன்னு மருது தரப்பே ஊருக்குத் தீ வச்சுட்டுக் காட்டுக்குள் போயிடுச்சு. அங்கிருந்து காளையார்கோயில் வரைக்கும் காட்டை வெட்டிப் பாதை போடக் கும்பினி முயன்றது. ஆகஸ்ட் மாசம் முழுக்க வெட்டினார்கள். மரம், முள், மறைந்திருந்து தாக்குதல். முடியலைன்னு விட்டுட்டுத் திரும்பினார்கள்.

இங்கேதான் அக்னியூ வேற கணக்குப் போட்டார். முதலில் மனசில் வச்சுக்கச் சொன்னேனே, அது இப்போ வருது. மருது அரச வம்சம் இல்லை, உண்மையான வாரிசு படமாத்தூர் ஒய்யாத் தேவர்தான்னு சொல்லி, செப்டம்பரில் அவருக்குப் பட்டம் கட்டினார். பீரங்கியால் ஆகாதது இதனால் ஆச்சு. மருது பக்கம் இருந்தவர்களில் பலர் விலகினார்கள். எனக்கு இந்த இடம்தான் ரொம்ப உறுத்துது. எல்லா சாதிக்கும் சேர்த்து அறிவிப்பு எழுதின ஆளை, பிறப்பைச் சொல்லியே தனிமைப்படுத்திட்டாங்க. அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோயில் விழுந்தது.

அவர் பிடிபட்டது எப்படி? ரெண்டு கதை இருக்கு. சரணடையாவிட்டால் கோயிலை இடிப்போம்னு கும்பினி மிரட்டினதால், தான் கட்டின கோபுரத்துக்காக அவரே வந்தார்ங்கிறது சீமையில் சொல்றது. மிருகத்தைத் துரத்துற மாதிரி துரத்தி, தொடை எலும்பு முறிஞ்ச நிலையில் பிடிச்சாங்கங்கிறது வெல்ஷ் எழுதினது. நான் வெல்ஷை நம்புறேன். தன் பக்கத்துக்குப் பெருமை தராத ஒன்றை அவர் கற்பனை பண்ணி எழுதக் காரணமில்லை. ஆனா கோபுரக் கதையை எங்க ஆயா சொல்லும்போது மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

1801 அக்டோபர் 24. திருப்பத்தூர்க் கோட்டையில் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் தூக்கிலிட்டார்கள். கூட இருந்த உறவினர்களையும் வீரர்களையும் விடலை. காளையார்கோயிலில் கோயிலுக்கு எதிரே அவர்களுடைய சமாதி இருக்கு. இங்கிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போயிட்டு வந்துடலாம்.

சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போ வயசு 15. 1802 பிப்ரவரியில் எழுபது பேருக்கு மேல் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள், அந்தப் பையனையும் சேர்த்து. 1818இல் வெல்ஷ் பினாங்கு போனார். தளர்ந்துபோன ஒரு கிழவர் அவரைப் பார்க்க வந்து நின்னார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியலை. நான்தான் துரைசாமின்னு அவரே சொல்ல வேண்டியிருந்தது. அப்போ அவருக்கு வயசு முப்பது சொச்சம்.