பற்றரி வேண்டாத வானொலி தந்த ரொறன்ரோக்காரர்

இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய எங்களில் பலருக்கு முதலில் பழக்கமான பெயர்களில் ஒன்று றோஜர்ஸ். தொலைபேசி பில்லில் அந்தப் பெயர் வந்தது. கேபிள் ரிவி பில்லில் வந்தது. பிறகு டவுன்ரவுனில் உள்ள விளையாட்டரங்கின் நெற்றியிலும் ஏறியது. மாதாமாதம் காசு கட்டும் பெயர் என்பதால் அதில் எங்களுக்குப் பெரிய பற்று எதுவும் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பெயரை முதலில் ஊரறியச் செய்தவர் தொலைபேசி விற்றவரல்லர், வானொலி செய்தவர். முப்பத்தெட்டு வயதில் காலமானவர். அவரைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது ஒரு வாக்குவாதம்.

கடந்த மாரியில் ஸ்காபரோவில் நண்பர் ஒருவரின் பேஸ்மென்ற்றில் கூடியிருந்தோம். அவர் ஒரு பழைய வால்வு அம்பிளிபயரை வாங்கித் திருத்தி வைத்திருந்தார். அதில் சீர்காழியாரின் பாட்டைப் போட்டார். பிறகு அதே பாட்டை அதே ஸ்பீக்கரில், ஒரு ரான்சிஸ்ரர் அம்பிளிபயர் வழியாகப் போட்டார். கூட்டம் உடனே இரண்டு கட்சியானது. வால்வில்தான் குரலுக்கு உயிர் இருக்கிறது என்றது ஒரு கட்சி. அது பழைய நினைவின் மயக்கம், ரான்சிஸ்ரர்தான் உள்ளதை உள்ளபடி தருகிறது என்றது மற்றக் கட்சி. வணிகவியல் படித்துவிட்டு ஐந்தொகை பார்த்தே காலம் கழித்த எங்களுக்கு, இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்க்காமல் முடிவு சொல்ல மனம் வரவில்லை. எழுதத் தொடங்கியபோதுதான், வால்வை வீட்டு மின்சாரத்தில் ஓட வைத்தவர்களில் முன்னோடி இதே ரொறன்ரோவைச் சேர்ந்தவர் என்று அறிந்தோம்.

எட்வர்ட் சாமுவேல் றோஜர்ஸ் 1900 ஆம் ஆண்டு யூன் 21 ஆம் திகதி ரொறன்ரோவில் பிறந்தார். குடும்பம் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தது. தந்தை அல்பேர்ட் றோஜர்ஸ் வசதி படைத்த வணிகர். பையனுக்கோ வணிகத்தை விடக் கம்பியில்லாத் தந்தியில்தான் மோகம். பதினொரு வயதளவிலேயே அதில் இறங்கிவிட்டார். பதின்ம வயதில் கோடை விடுமுறை வந்தால் பேரேரிகளில் ஓடும் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராக வேலைக்குப் போனார்.

1921 டிசம்பரில் வட அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர்களின் சிறிய கருவிகளின் ஒலி அத்திலாந்திக்கைக் கடக்குமா என்று ஒரு சோதனை நடந்தது. ஸ்கொட்லாந்தின் ஆட்ரொசன் என்ற கரையோர ஊரில் இருந்து காதைத் தீட்டிக் கேட்டார்கள். நியூமார்க்கெற்றில் இருந்து றோஜர்ஸ் அனுப்பிய குறி அங்கே போய்ச் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. கனடாவில் இருந்து அந்தச் சோதனையில் வென்றவர் அவர் ஒருவரே.

அந்தக் காலத்து வானொலிப் பெட்டி வீட்டுக்காரருக்குப் பெரிய தலையிடி. வால்வின் உள்ளே இருக்கும் இழையைச் சூடாக்க ஒரு பற்றரி வேண்டும். பெரும்பாலும் அது காரில் இருப்பது போன்ற அமிலப் பற்றரி. வால்வின் தகட்டுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்க வேறொரு பற்றரித் தொகுதி வேண்டும். அமிலப் பற்றரியை அடிக்கடி சார்ஜ் பண்ணத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அமிலம் சிந்தினால் கம்பளம் போய்விடும். உலர் பற்றரி முடிந்தால் புதிதாக வாங்கவேண்டும். வீட்டுச் சுவரிலே மின்சாரம் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு?

காரணம் இருந்தது. சுவரில் வருவது ஆடலோட்ட மின்சாரம். அது விநாடிக்குப் பல முறை ஏறி இறங்கும். அதை நேராக வால்வின் இழைக்குக் கொடுத்தால், அந்த ஏற்ற இறக்கம் அப்படியே ஒலியில் உறுமலாகக் கேட்கும். ரொறன்ரோவில் இது இன்னும் மோசம். நயாகராவில் இருந்து அன்று இங்கே வந்தது விநாடிக்கு 25 சுற்று மின்சாரம். 1949 இற்கும் 1959 இற்கும் இடையில்தான் தென் ஒன்ராறியோவை 60 சுற்றுக்கு மாற்றினார்கள். சுற்று குறைந்தால் இழை ஒவ்வொரு முறையும் ஆறிப்போக அதிக நேரம் கிடைக்கும். ஆகவே தடுமாற்றமும் கூடும்.

1924 இல் றோஜர்ஸ் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், ஆடலோட்ட மின்சாரத்தில் இயங்கும் சோதனை வால்வுகளைக் கண்டார். பிரெடெரிக் மக்கல்லோ என்பவரிடம் இருந்து அவற்றின் கனேடிய உரிமையை வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்த வால்வில் சூடாக்கும் கம்பி வேறு, எலெக்ரோன்களை வெளிவிடும் பகுதி வேறு. கம்பியின் சூடு ஏறி இறங்கினாலும் வெளியே உள்ள குழல் அவ்வளவு விரைவில் ஆறாது. மண்சட்டி அடுப்பில் இருந்து இறக்கிய பிறகும் கொதிப்பது போலத்தான். ஆனால் வாங்கி வந்த வால்வு அப்படியே பயன்படும் நிலையில் இருக்கவில்லை. சூடாக்கும் மின்சாரம் ஒலிக்குறிக்குள் கசியாமல் பிரித்து, அதை நம்பி விற்கக்கூடிய பொருளாக்கியது றோஜர்ஸின் உழைப்பு. 1925 ஓகஸ்டில் இங்குள்ள கனேடிய தேசியக் கண்காட்சியில் பற்றரி இல்லாத வானொலி மக்கள் முன் வைக்கப்பட்டது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இப்படியான வால்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1927 இல்தான்.

இயந்திரம் விற்றால் போதாது, கேட்க நிகழ்ச்சியும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1927 இல் சி.எஃப்.ஆர்.பி. என்ற வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அந்தப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் றோஜர்ஸ் பற்றரியில்லா வானொலியைக் குறிப்பவை. 1931 இல் தொலைக்காட்சிச் சோதனைக்கும் அனுமதி பெற்றார். எட்டு வருடங்களின் பின், 1939 மே 6 ஆம் திகதி, இரத்தப்பெருக்கினால் காலமானார். மனைவி வெல்மாவும் ஐந்து வயது மகனும் இருந்தார்கள். தொழில் கைமாறிப் போனது.

இனி பேஸ்மென்ற் வழக்குக்கு வருவோம். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ரான்சிஸ்ரர் பிறந்தது. அதில் சூடாக்க இழை இல்லை, வெற்றிடக் கண்ணாடி இல்லை, நூற்றுக்கணக்கான வோல்ட் தேவையில்லை. 1960களில் வீட்டு ஸ்ரீரியோக்கள் அதற்கு மாறத் தொடங்கின. கணக்காகப் பார்த்தால் ரான்சிஸ்ரரின் பக்கமே கனம். அதன் ஒலிச்சிதைவு மிகக் குறைவு. ஸ்பீக்கரின் கூம்பை இறுக்கமாகப் பிடித்து நிறுத்தும். மிருதங்கத்தின் தொப்பி அடித்தவுடன் அடங்குவது அதில்தான் தெளிவு. வால்வு ஆயிரக்கணக்கான மணித்தியாலங்கள் ஓடிய பிறகு தேய்ந்துவிடும், மாற்றவேண்டும். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் பெறுமானத் தேய்வு.

ஆனால் மற்றப் பக்கமும் வெறுமையல்ல. வால்வு தரும் சிதைவில் பெரும்பகுதி, பாடும் சுருதிக்கு மேற்தாயியில் அமைவது. காதுக்கு அது பிழையாகத் தெரியாது, குரல் தடித்தது போலத் தெரியும். வலுவின் எல்லை தாண்டும்போது வால்வு மெதுவாக வளைந்து கொடுக்கும், ரான்சிஸ்ரர் சட்டென்று வெட்டும். ஆகவே நண்பர்கள் இரு கட்சியும் பொய் சொல்லவில்லை. ஒரு கட்சி அழகைக் கேட்டது, மற்றது உண்மையைக் கேட்டது.

இதை எழுதும்போது எங்களுக்கு மூன்றாவது பக்கம் ஒன்றும் நினைவுக்கு வந்தது. 1925 டிசம்பரில், றோஜர்ஸின் பெட்டி கண்காட்சிக்கு வந்த அதே வருடத்தில், கொழும்பிலும் வானொலி தொடங்கியது. பிறகு எங்கள் ஊர்களில் வசதியான வீடுகளில் வால்வு ரேடியோ இருந்தது. போட்டால் சூடாகும்வரை காத்திருந்து கேட்டோம். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது. அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் இரவு பி.பி.சி. தமிழோசை கேட்டோம். டைனமோவில் வருவதும் ஆடலோட்டம்தான். அதே உறுமல் எங்கள் ரேடியோவிலும் கேட்டது. தெரிந்த பொடியன்கள் டயோட்டும் கப்பாசிற்றரும் பிடித்து அதை அடக்கினார்கள். ரொறன்ரோவில் ஓர் இளைஞர் 1924 இல் போராடிய அதே சிக்கலோடுதான் நாங்கள் எழுபது வருடம் கழித்து முற்றத்தில் போராடினோம், அவரைத் தெரியாமலே. ஆறு வோல்ட் டைனமோவில் வால்வு ரேடியோ ஓடியிருக்காது. அந்த இரவுகளில் செய்தியைத் தந்தது ரான்சிஸ்ரர். எந்தக் கிராமம் போனது, எந்த வழி திறந்தது என்று கேட்டு மூட்டை கட்டிய எங்களுக்கு, ஒலி இனிமையா என்று கேட்க நேரம் இருக்கவில்லை.

றோஜர்ஸின் மகனும் எட்வர்ட்தான், ஊர் அறிந்தது ரெட் றோஜர்ஸ் என்று. தந்தையின் சாதனைகளைத் தாய் சொல்லிச் சொல்லி வளர்த்தார். அவர் 1960 இல், எஃப்.எம். கேட்போர் மிகக் குறைவாக இருந்த நேரத்தில், சி.எச்.எஃப்.ஐ. என்ற எஃப்.எம். நிலையத்தை வாங்கினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்று எங்களுக்கு பில் அனுப்பும் நிறுவனம். தகப்பனைச் சிறுவயதில் இழந்து, தாயின் வாய்வழியாகவே அவரை அறிந்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் மத்தியில் எத்தனை பேர்! அந்தத் தாய்மார் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பெயர்கள் அப்படியே போயிருக்கும்.

நண்பரின் பேஸ்மென்ற்றுக்கு அடுத்த முறை போனபோது, அந்த வால்வுகள் சிவந்து வரும்வரை பேசாமல் காத்திருந்தோம். அந்த அரை நிமிடத்தில் இந்தக் கதையைச் சொன்னோம். பாட்டுத் தொடங்கியபோது எந்தக் கட்சியும் வாதாடவில்லை. உறுமல் கேட்கவில்லை என்பதை மட்டும் எல்லோரும் கவனித்தோம்.