கானகங் காத்த மருத்துவர்

ஆம்பூர், வாணியம்பாடித் தோற்சாலைகளில் ஆவாரம்பட்டையின் மணம் பன்னெடுங்காலம் வீசிற்று. அந்நாளில் தோல் பெரிதும் பட்டையைக்கொண்டே பதப்படுத்தப்பட்டது. செடியும் மரமுமின்றிப் பட்டை கிடையாது. ஆதலின் காடுகளின் வரலாறு நமக்குப் புறம்பானதன்று. அவ்வரலாற்றில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் ஹியூ கிளெக்கார்ன் என்னும் மருத்துவராவர்.

இவர் 1820 ஆம் ஆண்டு ஆகஸ்டு 9 ஆம் நாள் சென்னையிற் பிறந்தனர். இளமையிலேயே முன்னோர் நாடாகிய ஸ்காத்லாந்து சென்று, எடின்பரோவில் மருத்துவங் கற்று, 1842 இல் கும்பினியாரின் மருத்துவராய்ச் சென்னைக்கு மீண்டனர். மைசூர் நாட்டிற் பணிபுரிந்தகாலை, நாளுக்கொரு செடியாக இந்திய ஓவியரைக்கொண்டு வரைவித்துவந்தனர். உடல் நலிந்து தாயகஞ் சென்றிருந்தபோதும் வாளாவிருந்திலர். வெப்பநாட்டுக் காடுகளின் அழிவைக் குறித்து அறிஞர் குழுவொன்றின் அறிக்கையை 1851 இல் வெளிக்கொணர்ந்தனர். பின்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரநூல் ஆசிரியராயினர்.

1856 ஜூலையில் இராயபுரத்தினின்று வாலாஜா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தண்டவாளம் தாங்கும் கட்டைகளுக்கும் எஞ்சினுக்குரிய விறகுக்கும் எண்ணிறந்த மரங்கள் வீழ்ந்தன. அவ்வாண்டு டிசம்பரிலேயே கிளெக்கார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனக்காப்பாளராக நியமிக்கப்பெற்றனர்.

1861 இல் தென்னிந்தியக் காடுகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டபின், பஞ்சாப் நாட்டிற்கு அனுப்பப்பட்டனர். இமயச் சாரலில் 6,000 அடிக்குமேல் ஓங்கி வளர்ந்த தேவதாருக்கள் வெட்டுண்டு, செனாப், ராவி முதலிய ஆறுகளில் மிதந்து வந்துகொண்டிருந்தன. தேவதாரு முதிர்வதற்கு நூறாண்டிற்கு மேலும் ஆகும். வெட்டுதற்கோ ஒருநாட் போதும். மலைதோறும் ஏறி மரவளத்தை ஆராய்ந்து, அளவறிந்து வெட்டுதலும், காத்தலும், மீள வளர்த்தலும் வேண்டுமென அரசுக்கு எடுத்துரைத்தனர். அவ்வறிக்கை 1864 இல் வெளிவந்தது. அவ்வாண்டே பிராண்டிஸ் என்பார் இந்திய வனத்துறைத் தலைவராயினர். அவரொடு கிளெக்கார்னும் உழைத்தனர். தாயகந் திரும்பி ஓய்வுற்ற இவர் 1895 இற் காலமாயினர்.

இவர்பாற் குறையே இல்லையெனல் உண்மையாகாது. காட்டைச் சுட்டுப் பயிரிடும் குமரி வேளாண்மையே பெருங்கேடு எனக் கருதி அதனைக் கடிந்தனர். 1860 இல் அரசும் அதனைத் தடுக்கலாயிற்று. இருப்புப்பாதையின் பசிக்கு இரையான மரங்களோ பல. எனினும் தடையின் சுமையைத் தாங்கியவர் மலைவாணரே. 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்திற்குப்பின் காடு அரசின் உடைமையென வேலியிடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அதனுள் வாழ்ந்தோர் அயலாராயினர்.

ஜவ்வாது மலையை நாடோறும் காணும் நாம் இவர் வாழ்வினின்று இரண்டு பாடங் கற்கலாம். வெட்டும் தலைமுறை நடும் தலைமுறையாகவும் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. காட்டைக் காப்போர் காட்டில் வாழ்வோரையும் காத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதை அவர் வாழ்ந்து காட்டினர். பின்னதை நிறைவேற்றுதல் நம் கடனாகும்.