புளோரன்ஸ் குடினஃப்

புளோரன்ஸ் லாரா குடினஃப் (ஆகஸ்ட் 6, 1886 – ஏப்ரல் 4, 1959) ஓர் அமெரிக்க உளவியலாளர் ஆவார். குழந்தை வரையும் மனித உருவத்தைக் கொண்டு அதன் நுண்ணறிவை அளவிடும் சோதனையை 1926 ஆம் ஆண்டு வெளியிட்டார். மொழி சாராத நுண்ணறிவுச் சோதனைகளுள் இது பெரும்புகழ் பெற்றதாகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

இவர் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹோன்ஸ்டேல் என்னும் ஊரில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மனிடம் ஆய்வு செய்து 1924 இல் முனைவர் ஆனார். 1925 இல் மினசோட்டா பல்கலைக்கழகக் குழந்தை நல நிறுவனத்தில் சேர்ந்து, 1931 இல் பேராசிரியரானார்.

மனிதனை வரையும் சோதனை

இச்சோதனையில் ஒரு மனிதனை வரையுமாறு குழந்தையிடம் கூறப்படும். கால வரையறை இல்லை. படத்தின் அழகு கருதப்படுவதில்லை. தலை, கழுத்து, விரல்களின் எண்ணிக்கை, உறுப்புகளின் அளவுப் பொருத்தம் முதலான 51 கூறுகளுக்கு மதிப்பெண் வழங்கப்படும். அடிப்படையான 3 ஆண்டுகளுடன், மதிப்பெண் ஒன்றுக்கு 3 மாதம் வீதம் கூட்டினால் மன வயது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 16 மதிப்பெண் பெறும் குழந்தையின் மன வயது 7 ஆகும். பேச்சுத்திறன் வளராத சிறுவரையும், செவித்திறன் குறைந்தோரையும், வேற்றுமொழி பேசுவோரையும் சோதிக்க இம்முறை எளிதாக இருந்தது.

சோதனைகளின் மதிப்பீடு

பள்ளி செல்லாச் சிறுவருக்கான கூல்மன்–பினே சோதனைகளைத் திறனாய்ந்து 1928 இல் ஒரு நூல் வெளியிட்டார். 1932 இல் இவரும் உடன்பணியாற்றியோரும் வெளியிட்ட மினசோட்டா முன்பள்ளிச் சோதனைகளில் மொழி சார்ந்த பகுதியும் மொழி சாராத பகுதியும் தனித்தனியே மதிப்பிடப்பட்டன.

மொழியைத் தவிர்த்தால் பிறவி நுண்ணறிவை அளக்கலாம் என்னும் கருத்தில், 1926 இல் வரைபடங்களைக் கொண்டு பல இனக் குழந்தைகளை ஒப்பிட்டு இவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 1950 இல் டேல் ஹாரிசுடன் இணைந்து எழுதியபோது இக்கருத்தைக் கைவிட்டார். பண்பாட்டுச் சார்பற்ற சோதனையைத் தேடுவது வீண் என்று அதில் குறிப்பிட்டதுடன், தமது பழைய கட்டுரைக்காக வருத்தமும் தெரிவித்தார். காகிதமும் எழுதுகோலும் படங்களும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் பழக்கமானவை அல்ல என்பதே இதன் அடிப்படைச் சிக்கலாகும்.

இறுதிக்காலம்

நோயினால் பார்வையும் செவித்திறனும் குன்றியதால் 1947 இல் ஓய்வு பெற்றார். அதன்பின் பிரெய்ல் எழுத்து முறையைக் கற்று, 1949 இல் உளச் சோதனை பற்றியும் 1956 இல் சிறப்புக் குழந்தைகள் பற்றியும் நூல்களை வெளியிட்டார். இவர் மறைவுக்குப் பின் 1963 இல் ஹாரிஸ் இச்சோதனையைத் திருத்தி விரிவாக்கினார். வரைபடத்தை மட்டும் கொண்டு ஒரு குழந்தையின் நுண்ணறிவை முடிவு செய்வதைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை.