சொல் காத்த கிந்துப்

திபெத்தில் தோன்றும் சாங்போ ஆறு, இமயத்தின் கீழ்க்கோடியில் மிக ஆழ்ந்த மலைப்பிளவினுள் வெண்ணுரை பொங்கப் பாய்கிறது. 2002ஆம் ஆண்டில் துடுப்புப் படகு வீரர் எழுவர் அதன் மேற்பகுதியில் இறங்கி உலகின் பாராட்டைப் பெற்றனர். படகு செல்லாத பழங்காலத்தில் அவ்வாற்றை ஆராயச் சென்றவர் கிந்துப். சிக்கிமில் பிறந்து டார்ஜிலிங்கில் தையல் தொழில் செய்த அவர், எழுதப் படிக்க அறியாதவர்.

சாங்போவே அசாமில் பிரமபுத்திராவாக வெளிப்படுகிறதா என்பது அக்காலத்தில் தெளிவாகவில்லை. 1880இல் நில அளவைத் துறை அதிகாரி ஹார்மன், ஒரு சீனத் துறவியையும் அவருக்குத் துணையாகக் கிந்துப்பையும் அனுப்பினார். அடையாளமிட்ட மரத்துண்டுகளை ஆற்றில் விடுவது அவர்தம் பணி. அவை மிதந்து வருகின்றனவா எனக் கீழ்நாட்டில் காவலர் நோக்குவர்.

துறவியோ கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டு மறைந்தான். கிந்துப் தப்பியோடி ஒரு மடத்தில் அடைக்கலம் புகுந்தார். மடத்தலைவர் 50 ரூபாய் கொடுத்து அவரை மீட்டுப் பணியில் அமர்த்தினார். யாத்திரை செல்வதாக விடைபெற்ற கிந்துப், 500 மரத்துண்டுகளை வெட்டி மறைத்து வைத்தார். பின்னர் லாசாவுக்குச் சென்று, நாள் குறித்துக் கடிதம் எழுதுவித்தார். குறித்த நாள் வந்ததும், நாளொன்றுக்கு 50 வீதம் அவற்றை ஆற்றில் விட்டார்.

அந்தோ! ஹார்மன் முன்னரே இந்தியாவை விட்டு நீங்கியிருந்தார். துண்டுகள் காண்பாரின்றி மிதந்து சென்றன. 1884இல் திரும்பிய கிந்துப்பின் கூற்றைப் பலரும் ஐயுற்றனர். 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்னும் இருவர் அவ்வழியை ஆராய்ந்து, அவர் கூற்று பெரும்பாலும் மெய்யெனக் கண்டனர். 1914இல் அரசு அம்முதியவருக்கு 1000 ரூபாய் பரிசளித்தது. அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை.

வெள்ளத்தை எதிர்ப்பது வீரம். காண்பார் இல்லாவிடத்தும் ஏற்ற பணியை முடிப்பது அதனினும் பெரிய வீரமாகும்.