நட்டுக்கும் போல்ட்டுக்கும் கணக்குத் தந்தவர்

லாரி ஆனாலும் சரி, வயலில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஆனாலும் சரி, அதைச் சேர்த்துப் பிடித்திருப்பவை போல்ட்டுகள்தான். அவற்றை எவ்வளவு முறுக்க வேண்டும்? குறைவாக முறுக்கினால் அதிர்ச்சியில் கழன்றுவிடும். அதிகமாக முறுக்கினால் மரை போய்விடும். அல்லது போல்ட் இரண்டாக ஒடியும்.

இப்போது இதற்கு ‘டார்க் ரெஞ்ச்’ என்ற கருவி இருக்கிறது. எவ்வளவு பலத்துடன் முறுக்குகிறோம் என்பதை அது காட்டிவிடும். அந்தக் கருவி வருவதற்கு வெகு காலம் முன்பே ரெயில் எஞ்சின்கள் ஓடின. கப்பல்கள் கடல் கடந்தன. அவற்றின் போல்ட்டுகளை எல்லாம் மனிதர்கள் கையால்தான் முறுக்கினார்கள். அந்தக் கைக்கு ஒரு கணக்கு கிடைக்க வழி செய்தவர் ஜோசப் விட்வொர்த்.

ஓடிப்போன பையன்

இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் 1803-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி விட்வொர்த் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பிறகு பாதிரியார் ஆனார். சிறு வயதிலேயே தாயார் இறந்துவிட்டார். 14 வயதில் மாமன் முறை உறவினர் ஒருவரின் பஞ்சாலையில் பையனைச் சேர்த்தார்கள்.

நன்றாக இருந்தால் பிற்காலத்தில் ஆலை நிர்வாகத்தையே கவனிக்கலாம். ஆனால் பையனின் மனம் கணக்குப் புத்தகத்தில் ஒட்டவில்லை. இயந்திரங்களைச் சுற்றியே திரிந்தார். நான்கு ஆண்டுகளில் அங்கிருந்த எல்லா இயந்திரங்களும் அவருக்கு அத்துபடி. அதன் பிறகு ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் மான்செஸ்டருக்கு ஓடிவிட்டார். அங்கே பட்டறையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார்.

1825-ல் லண்டன் சென்றார். அப்போது ஹென்றி மாட்ஸ்லே என்பவரின் பட்டறைதான் இங்கிலாந்திலேயே பெயர் பெற்றது. அங்கே வேலை கிடைத்தது.

மூன்று தகடுகள்

ஒரு இரும்புத் தகட்டை மேடு பள்ளம் இல்லாமல் சமப்படுத்துவது எப்படி? அந்தக் காலத்தில் எமரித் தூளைப் போட்டு அரைப்பார்கள். தூள் ஒரே சீராகப் பரவாது. ஓரிடம் அதிகம் தேயும். ஓரிடம் குறைவாகத் தேயும்.

விட்வொர்த் அரைப்பதை விட்டார். ஒரு தகட்டில் சாயம் தடவி, மற்றொரு தகட்டை அதன்மேல் வைத்து எடுத்தார். சாயம் ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் கூரிய உளியால் சுரண்டினார். மறுபடியும் சாயம், மறுபடியும் சுரண்டல். இரண்டு தகடுகள் மட்டும் இருந்தால் ஒன்று குவிந்தும் மற்றொன்று குழிந்தும் இருந்து, பொருந்திவிட்டது போல ஏமாற்றும். ஆகவே மூன்று தகடுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற இரண்டோடும் மாற்றி மாற்றிப் பொருத்தினார். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால், மூன்றும் சமமாக இருந்தே தீர வேண்டும்!

போல்ட் முறுக்குகிறவருக்கு இது முக்கியம். எஞ்சினின் இரண்டு முகங்களும் சமமாக இருந்தால் அளவான பலம் போதும். முகம் கோணியிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் ஒழுகும். ஒழுகுகிறதே என்று மேலும் முறுக்குவார்கள். போல்ட்தான் ஒடியும்.

ஜோடி பிரிந்தால் வம்பு

1833-ல் மான்செஸ்டருக்குத் திரும்பி, ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, சொந்தத் தொழில் தொடங்கினார்.

அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட் மற்றொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. ஒரே பட்டறைக்குள்ளும் இன்ன போல்ட்டுக்கு இன்ன நட் என்று அடையாளம் போட்டு வைப்பார்கள். ஜோடி பிரிந்துவிட்டால் வம்புதான்.

விட்வொர்த் நாட்டின் பெரிய பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளை வரவழைத்தார். ஒவ்வொன்றின் மரையையும் அளந்து சராசரி எடுத்தார். மரையின் பக்கங்களுக்கு இடையே உள்ள சாய்வு 55 டிகிரி. கால் அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 20 மரை. அரை அங்குலத்தில் 12. ஒரு அங்குலத்தில் 8. இந்தக் கணக்கை 1841-ல் லண்டன் பொறியாளர் சங்கத்தில் வாசித்தார். ரெயில்வே கம்பெனிகள் இதை ஏற்றுக்கொண்டன. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

கிரிமியா யுத்தம் வந்தபோது இதன் அருமை தெரிந்தது. பீரங்கிப் படகுகளுக்கு 90 எஞ்சின்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. ஒரே பட்டறையால் முடியாத காரியம். மாதிரிப் பாகங்களைப் பல பட்டறைகளுக்கு அனுப்பினார்கள். வெவ்வேறு இடங்களில் செய்த பாகங்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

விழாத துண்டு

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் விட்வொர்த் ஒரு அளவு இயந்திரத்தை வைத்தார். அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அது காட்டியது!

உள்ளே இருந்தது என்ன? ஒரு திருகுதான். அதில் அங்குலத்துக்கு 20 மரை. அதைச் சுழற்றும் சக்கரத்துக்கு 200 பல். அதைத் திருப்பும் கைச்சக்கரத்தின் விளிம்பில் 250 கோடு. இருபதை இருநூறால் பெருக்கி, அதை 250-ஆல் பெருக்கிப் பாருங்கள். பத்து லட்சம் வரும். கைச்சக்கரத்தை ஒரு கோடு திருப்பினால் திருகு அவ்வளவு நுட்பமாக முன்னேறும்.

அளக்க வேண்டிய பொருளுக்கும் திருகின் முனைக்கும் நடுவில் ஒரு சிறு எஃகுத் துண்டைப் பிடித்திருப்பார்கள். திருகு தொட்டும் தொடாமலும் இருந்தால் துண்டு நழுவி விழும். ஒரு கோடு கூடத் திருப்பினால் விழாமல் நிற்கும். எவ்வளவு அழுத்தம் என்ற கேள்விக்கே இடமில்லை. எவ்வளவு திருப்பினோம் என்பதே அளவு.

போல்ட்டுக்கும் இதுதான் ரகசியம். முறுக்கும்போது போல்ட் ரப்பர் கயிறு போலக் கொஞ்சம் நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப அது இழுக்கும் இழுப்புதான் எஞ்சினைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் நாம் போடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும். மரையில் துரு இருந்தால் கை வலிக்கும், போல்ட் நீண்டிருக்காது. எண்ணெய் அதிகம் இருந்தால் கைக்கு லேசாகத் தெரியும். போல்ட்டோ ஒடியும் நிலையில் இருக்கும். திருப்பிய அளவு அப்படி ஏமாற்றாது. இரும்புப் பாலங்களில் இந்த முறையைப் பிற்காலத்தில் கையாண்டார்கள். நட் உட்கார்ந்து தகடுகள் நெருங்கியதும் ஒரு கோடு போட்டுக்கொண்டு, போல்ட்டின் நீளத்துக்குத் தக்கபடி மூன்றில் ஒரு சுற்றோ அரைச் சுற்றோ திருப்புவார்கள். எஞ்சினுக்கு அந்தந்தக் கம்பெனி சொன்ன அளவே அளவு. அதையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, எதிரும் புதிருமாக, இரண்டு மூன்று தவணையில் முறுக்குவது வழக்கம்.

ஸ்பேனரின் நீளத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. சிறிய போல்ட்டுக்குக் குட்டை ஸ்பேனர், பெரியதுக்கு நீளம். கைக்கு இயல்பான பலம் போட்டால் அளவு மீறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதன் வாலில் குழாயைச் செருகி இழுப்பவர்கள் இந்தக் கணக்கைக் கெடுக்கிறார்கள்.

ராணி சுட்ட துப்பாக்கி

விட்வொர்த் துப்பாக்கியும் செய்தார். 1860-ல் விம்பிள்டனில் விக்டோரியா ராணி 400 கஜ தூரத்திலிருந்து அதைச் சுட்டார். குண்டு குறியின் நடுவுக்கு அருகிலேயே பாய்ந்தது. ஆனாலும் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்கவில்லை. அந்த ஏமாற்றம் அவருக்குப் பெரிது.

1868-ல் இளம் பொறியாளர்கள் படிக்க, தலைக்கு ஆண்டுக்கு 100 பவுனாக 30 உபகாரச் சம்பளங்கள் ஏற்படுத்தினார். மறு ஆண்டு ‘பாரோனெட்’ பட்டம் கிடைத்தது. 1887 ஜனவரி 22-ந் தேதி மாண்டிகார்லோவில் காலமானார். வயது 83. பிள்ளைகள் இல்லை. சொத்தில் பெரும் பகுதி தர்ம காரியங்களுக்குப் போயிற்று. மான்செஸ்டரில் அவர் பெயரால் பூங்காவும் கலைக்கூடமும் இருக்கின்றன.

அமெரிக்காவோ 60 டிகிரி மரையை வைத்துக்கொண்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் இரு நாட்டு இயந்திரங்களும் ஒரே களத்தில் நின்றபோது உதிரிப் பாகங்கள் சேராமல் தொல்லைப்பட்டார்கள். 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 டிகிரிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு மெட்ரிக் மரை பரவியது.

நம் நாட்டுக்கு வந்த பழைய ஆங்கில எஞ்சின்களில் விட்வொர்த் மரைதான். அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை; அமெரிக்க போல்ட்டில் 13. ஒன்றின் நட்டை மற்றொன்றில் மாட்டினால் சில சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும். புதியவர், நட் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனரைப் போடுவார். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் நட்டைக் கையாலேயே கடைசி வரை திருகிப் பார்ப்பார். ஸ்பேனரை அப்புறம்தான் எடுப்பார்.