குடுவைக்கு என்ன செலவு?

ஃபிக்ஸ்டு காஸ்ட், வேரியபிள் காஸ்ட். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி நாம மனப்பாடம் பண்ற விஷயம். ஜோசையா வெட்ஜ்வுட் இதைக் கத்துக்கிட்டது, தொழில் தள்ளாடினப்ப.

1730-ல் இங்கிலாந்தின் பர்ஸ்லெமில் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் வந்த பெரியம்மை முழங்காலைக் கெடுத்தது. சக்கரம் மிதிக்க முடியல. அதனால் களிமண்ணையும் மெருகுப்பூச்சையும் ஆராய ஆரம்பிச்சார். 1768-ல் அந்தக் காலையே எடுத்தாங்க. அடுத்த வருஷம் எட்ரூரியா தொழிற்சாலையைத் திறந்தார்!

1772-ல் கடன் நெருக்கடி. விற்பனை படுத்தது, சரக்கு தேங்கியது. விலையை எவ்வளவு குறைக்கலாம்? தெரிஞ்சுக்க, ஒவ்வொரு பொருளுக்கும் ஆகும் செலவைத் தனித்தனியா எழுதினார். அச்சு, வாடகை மாதிரி செலவுகள், குடுவை பத்து செஞ்சாலும் நூறு செஞ்சாலும் பெரிசா மாறல. அப்போ நிறைய செஞ்சா, ஒரு குடுவை மேல் விழுற செலவு குறையும். நடுத்தரக் குடும்பங்களுக்கும் விற்கலாம். கணக்கைத் தோண்டினதில் தலைமை எழுத்தரின் கையாடலும் வெளியே வந்தது.

பிறகு சூளை வெப்பத்தை அளக்க பைரோமீட்டர் செஞ்சார். 1783-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1795-ல் மறைந்தார். சார்லஸ் டார்வினுக்குத் தாத்தா, அம்மா வழியில்.

அடுத்த ப்ராஜெக்ட் எஸ்டிமேட் போடும்போது, எண்ணிக்கை கூடினாலும் மாறாத செலவு எதுன்னு முதல்ல எழுதிப் பாருங்க.